கரிசல் ரோட்டுக்கு அளவெடுத்த சைக்கிள்

இந்தச் சைக்கிளுக்கான வேலை ஒரு தினசரி காலண்டர் அட்டையில் தொடங்கியது. சிவகாசி அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவன் வீட்டில் அட்டைக்குப் பஞ்சமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் முதுகை ஒட்டி நின்று, அட்டையைத் தொடைகளுக்கு நடுவே செங்குத்தாக வைத்து, சீட்டு அழுத்துகிற அளவுக்கு மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டேன். மேல்விளிம்பு சுவரைத் தொட்ட இடத்தில் மகள் பென்சிலால் கோடு போட்டாள். தரையிலிருந்து 86 செ.மீ. என் உயரம் 172. கால் நீளம், உடல் குட்டை.

டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்ட் பரப்பிய ஒரு கணக்கு உண்டு. காலின் உள்ளளவை 0.883 ஆல் பெருக்கினால், பெடல் கைகள் சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்புறம் வரை இருக்க வேண்டிய உயரம் கிடைக்கும். எனக்கு 75.9 செ.மீ. வந்தது. முன்பு வைத்திருந்த அலுமினிய ரோடு பைக்கிலும் சீட்டை இந்த உயரத்துக்கு ஏற்ற முடிந்தது. ஏற்றியதும் ஹேண்டில்பார் தாழ்வாகவும் தூரமாகவும் போய்விட்டது. இரண்டு மணி நேரம் ஓட்டினால் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துவிடும். கடையில் கிடைக்கும் ஃபிரேம்கள் 52, 54, 56 என்று படி வைத்து வருகின்றன. நீளமான காலுக்கு 56 எடுத்தால் உடலுக்கு அது எட்டாது. உடலுக்கென்று 54 எடுத்தால் கைப்பிடி தாழும். அளவெடுத்துக் கட்டச் சொன்னதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் எங்கள் ரோடு. எம். புதுப்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கி வெடிக்கும். அதன் மேல் போட்ட தார் இரண்டே வருடத்தில் அலை அலையாக நெளிந்துவிடும். காரில் போகிறவருக்கு அது ஒரு சின்ன ஆட்டம். சைக்கிளில் போகிறவனுக்கு மணிக்கட்டிலும் இடுப்பிலும் விழுகிற அடி. போதாததற்கு இருபுறமும் சீமைக்கருவேலம். வேலிவெட்டு நடந்த மறுநாள் அந்தப் பாதையில் டியூப் மிஞ்சாது.

வெளிமாநிலத்தில் இருக்கும் சிறிய பட்டறை ஒன்றில் எஃகு ஃபிரேமுக்குச் சொன்னேன். அளவுகளைக் கொடுத்ததும் வரைபடம் வந்தது. மேல்பார் 53.5 செ.மீ., சீட் டியூப் சாய்வு 73 பாகை, முன்னால் ஹெட் டியூப் சாய்வு 72.5 பாகை, போர்க்கின் முன்வளைவு 45 மி.மீ. இந்தக் கடைசி இரண்டும் சேர்ந்துதான் வண்டியின் குணத்தைத் தீர்மானிக்கின்றன. ஸ்டியரிங் அச்சை அப்படியே கீழே நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளிக்கும், டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் இடையே ஒரு தூரம் இருக்கும். என் வண்டியில் அது சுமார் 59 மி.மீ. குறைந்தால் முன்சக்கரம் துறுதுறுவென்று திரும்பும், கூடினால் சோம்பும். 59 நடுவாந்தரம். கையை விட்டுத் தண்ணீர் குடிக்கலாம், லாரி ஒதுக்கும்போது சட்டென்று ஓரமும் கட்டலாம்.

வரைபடத்தோடு ஒரு துண்டுக் குழாயும் அனுப்பியிருந்தார்கள். ரெனால்ட்ஸ் 725 எஃகு, கீழ்க்குழாயின் முனைப்பகுதி, ஒரு சாண் நீளம். வெளியே தடவினால் ஒரே சீராக இருக்கிறது. அச்சகத்தில் பிளாங்கெட்டுக்கு அடியில் வைக்கும் பேக்கிங் பேப்பரை அளக்க ஒரு மைக்ரோமீட்டர் வைத்திருக்கிறோம். அதில் பிடித்தேன். ஒரு முனையில் 0.8 மி.மீ., மறு முனையில் 0.5. உட்புறத்தில் மட்டும் கனம் படிப்படியாகக் குறைந்திருக்கிறது. 0.5 என்றால் ஏறக்குறைய கல்யாணப் பத்திரிகை அட்டை இரண்டை ஒட்டிவைத்த கனம். வெல்டிங் சூடும் இழுவிசையும் சேருகிற முனைகளில் தடிப்பு, நடுவில் மெலிவு. 1897 இல் ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ் காப்புரிமை வாங்கிய வேலை இது. பர்மிங்ஹாமில் அவர்கள் குடும்பத் தொழில் ஆணி செய்வது.

எஃகைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விலை கூடக் கூடக் குழாய் விறைப்பாகும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. சாதா எஃகோ பதப்படுத்திய குரோம்-மாலிப்டினமோ, விறைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். கூடுவது வலிமை. வலிமை கூடினால் குழாயை இன்னும் மெலிதாக இழுக்கலாம், எடை குறையும். விறைப்பு வேண்டுமென்றால் குழாயின் விட்டத்தைத்தான் கூட்ட வேண்டும். ஆகவே கையில் காசு இருக்கிறதென்று மிக மெலிந்த குழாயைக் கேட்காதீர்கள். பஸ் மேல் ஏற்றி மதுரைக்கு அனுப்பும்போது பக்கத்து மூட்டை இடித்தாலே குழி விழும். 0.8-0.5-0.8 போதும். என் ஃபிரேம் 1.95 கிலோ, போர்க்கு தனி.

ரெனால்ட்ஸ் என்ற பெயர் நமக்குப் பேனாவைத்தான் நினைவூட்டும். இந்த ரெனால்ட்ஸ் நமக்கு அதைவிட நெருங்கிய சொந்தம். 1949 இல் முருகப்பா குடும்பத்தோடு கைகோத்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது பர்மிங்ஹாமின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ். ரெனால்ட்ஸும் அப்போது அதே குழுமத்துக் கம்பெனிதான். ஐரோப்பியப் பந்தயக்காரர்கள் ரெனால்ட்ஸின் 531 குழாயில் ஆல்ப்ஸ் ஏறிய காலத்தில், அதே வீட்டின் இன்னொரு பிள்ளை நம் தாத்தாக்களுக்கு ஹெர்குலஸ் கொடுத்துக்கொண்டிருந்தது. 1955 இல் ஆவடியில் குழாய்த் தொழிற்சாலையும் வந்தது. தாத்தாவின் ஹெர்குலஸில் முன்பாரில் உட்கார்ந்து வத்திராயிருப்புச் சந்தைக்குப் போனவன் நான். ஃபிரேமில் ஒட்டியிருக்கும் ரெனால்ட்ஸ் முத்திரையைப் பார்க்கும்போது அந்த முன்பாரின் சில்லிப்புதான் தொடையில் ஏறுகிறது.

பெடல் அச்சுக்கு நான் பிடிவாதமாகக் கேட்டது பி.எஸ்.ஏ. மரை. கார்பன் வண்டிகளில் மரையே இல்லாமல் பேரிங்கை அழுத்திச் செருகுகிற முறைகள் வந்தன. கொஞ்ச நாளில் பல கீச்சிடும். பி.எஸ்.ஏ. மரைக்கு அந்தத் தொல்லை இல்லை. கூடு 68 மி.மீ. அகலம், மரை 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 சுற்று. செயின் பக்கம் இடமரை, மறுபக்கம் வலமரை. பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப்போன பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆரின் பெயரும், உலகம் முழுக்க மெக்கானிக்குகள் சொல்லும் இந்த மரையின் பெயரும் ஒன்றுதான். பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்ற துப்பாக்கிக் கம்பெனியின் சுருக்கம். இந்த மரைக்கான பேரிங் இன்றும் மதுரையில் வாங்கக் கிடைக்கிறது. இருபது வருடம் கழித்தும் கிடைக்கும் என்று நம்பித்தான் இதைக் கேட்டேன்.

கியர் விஷயத்தில் அதிகம் யோசிக்கவில்லை. ஷிமானோ சோரா, பின்னால் 9 பல்சக்கரம். அதற்கு மேற்பட்ட டியாக்ராவும் 105ம் இன்னும் வழுக்கிக்கொண்டு மாறும், உண்மைதான். ஆனால் 9 வேகச் செயினும் கேசட்டும் கியர் சைக்கிள் விற்கும் கடைகளில் சுலபமாகக் கிடைக்கின்றன. முன்னால் 50/34, பின்னால் 11-32. மிகச் சின்ன கியரில் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி 2.27 மீட்டர் நகரும், மிகப் பெரியதில் 9.7 மீட்டர். பெரியதை நான் பயன்படுத்துவது அபூர்வம். சின்னதைக் கொடைக்கானல் ஏற்றத்துக்காக வைத்திருக்கிறேன்.

டிஸ்க் பிரேக் வேண்டாம் என்றேன். அதற்குப் போர்க்கின் கால்களைத் தடிமனாக்க வேண்டும். எஃகுப் போர்க்கின் அந்த இளக்கம் போய்விடும். 47-57 மி.மீ. எட்டும் டெக்ட்ரோ ரிம் பிரேக். பிரேக்கின் கைகள் நீண்டவை என்பதால் 28 மி.மீ. டயரும் மட்காடும் சேர்ந்து உள்ளே போகின்றன. மழையில் கரிசல் குழைந்து ரிம்மைத் தேய்க்கும், அது தெரிந்தே எடுத்த முடிவு. வீட்டுக்கு வந்ததும் ரிம்மைத் துடைத்துவிடுகிறேன்.

காசை எங்கே கொட்ட வேண்டும் என்று கேட்டால், சக்கரத்திலும் டயரிலும் என்பேன். இரண்டு சக்கரத்துக்கும் தலா 32 ஸ்போக்ஸ், மூன்று குறுக்கு, சாதாரண வளைகொக்கிக் கம்பி. பந்தயச் சக்கரங்களில் 20, 24 கம்பிதான் இருக்கும். ஒன்று அறுந்தால் சக்கரம் பிரேக்கில் உரசி நின்றுவிடும். 32 இல் ஒன்று போனாலும் வீடு வரலாம். டயரின் நடுவில் முள் தடுக்கும் பட்டை உள்ளதாக வாங்கினேன். என் எடை 68 கிலோ. பின்னால் 75, முன்னால் 65 பி.எஸ்.ஐ. காற்று. இதற்கு மேல் அடித்தால் கரிசல் அலைகள் எல்லாம் மணிக்கட்டுக்கு வந்துவிடும். வால்வு மட்டும் ஊர்க்கடைப் பம்புக்குப் பொருந்தாத மெல்லிய பிரெஸ்டா வகை. ஒரு பித்தளை அடாப்டரை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

ஐந்து மாதம் கழித்து ஃபிரேம் வந்தது. தீப்பெட்டிச் சிவப்பு, வெல்டிங் தையல் போட்டதுபோல வரிசை தப்பாமல் இருந்தது. ஆனால் 27.2 மி.மீ. சீட் போஸ்ட் பாதிதான் இறங்கியது. திருகி இறக்கினால் பக்கவாட்டில் நீளக் கீறல். வெல்டிங் சூட்டில் சீட் டியூபின் வாய் சற்று நீள்வட்டமாகிவிடும். அதன்பின் ரீமர் போட்டு வட்டமாக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யாமலே பெயின்ட் அடித்து அனுப்பிவிட்டார்கள். ஐந்து மாதம் காத்திருந்தவனுக்கு இது சின்ன வருத்தமில்லை. திருப்பி அனுப்பினால் இன்னும் ஒரு மாதம்.

சிவகாசியில் அச்சு மெஷின் ரோலர்களுக்கு வேலை செய்யும் லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அண்ணாச்சி ஃபிரேமை ஒற்றை விரலில் மாட்டித் தூக்கிப் பார்த்தார்.

"என்ன தம்பி, உள்ள ஒண்ணுமே இல்லையா?"

"நடுவுல அரை மில்லி அண்ணாச்சி. மேல் வாயில கனம் இருக்கு."

"அப்ப மெஷின்ல போட வேணாம். கையாலதான் எடுக்கணும்."

உள்விட்டத்தை நான்கு இடத்தில் அளந்தார். ஒரு பக்கம் 27.2, குறுக்கே 27.0 கூட இல்லை. விரிக்கக்கூடிய ரீமரை மிகக் குறைவாகத் திறந்து, கட்டிங் ஆயில் விட்டு, வலப்பக்கமாக மட்டும் திருப்பினார். பின்னோக்கித் திருப்பினால் சீவல் மாட்டிச் சுவரைக் கீறிவிடும், பல்லும் மழுங்கும். ஒவ்வொரு தடவையும் வெளியே எடுத்துத் துணியால் துடைத்து, கால் சுற்று விரித்து, மறுபடியும் உள்ளே. வெள்ளிப் பொடிபோல் சீவல் விழுந்தது. நாற்பது நிமிடம் கழித்துப் போஸ்ட்டை வாயில் வைத்தார். அது உள்ளிருக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டு தன் எடையிலேயே மெதுவாக இறங்கியது. கார்பன் ஃபிரேமாக இருந்திருந்தால் அந்தப் பட்டறைக்குள் நான் போயிருக்கவே முடியாது.

எஃகு என்றால் எந்த ரோட்டோரக் கடையிலும் வெல்டிங் வைக்கலாம் என்ற பேச்சு மட்டும் முழு உண்மையில்லை. அரை மில்லிக் குழாயின் நடுவில் சாதா ஆர்க் வெல்டிங் வைத்தால் ஓட்டைதான் விழும். முனையில், கனமுள்ள இடத்தில், பித்தளை வைத்து கேஸில் பற்றவைக்கத் தெரிந்தவர் கிடைத்தால் பிழைக்கும்.

எல்லாம் மாட்டியபின் பெடலோடு 10.2 கிலோ. செலவு ஒரு புது ஸ்கூட்டர் விலை. நான்கு மாதமாக ஓட்டுகிறேன். விடியற்காலையில் பட்டாசு ஆலைகளுக்கு ஆள் ஏற்றும் வேன்கள் கிளம்புவதற்குள் கிருஷ்ணன்கோவில் பக்கம் திரும்பி, வத்திராயிருப்பு வழியாகப் பிளவக்கல் அணை வரை. பழைய வண்டியில் அலைநெளிவு வந்தால் உடம்பே இறுகிக்கொள்ளும். இதில் முன்சக்கரம் இறங்கி ஏறுவதைக் கண் பார்க்கிறது, கைக்கு ஒரு மெல்லிய அசைவுதான் வருகிறது. அதில் பாதிப் புகழ் 28 மி.மீ. டயருக்கும் குறைந்த காற்றுக்கும் உரியது. மீதி போர்க்குக்கு. விரல் மரத்துப்போவது முற்றிலும் நின்றுவிட்டது, அந்தப் புகழ் காலண்டர் அட்டைக்கு.

குறையும் உண்டு. எழுந்து நின்று முழு பலத்தோடு மிதித்தால் ஃபிரேமின் கீழ்ப்பகுதி பக்கவாட்டில் நெளிகிறது. செயினை மாற்றும் முன் டிரெய்லரின் கூண்டில் செயின் உரசும் ஓசை கேட்கிறது. வேகத்துக்காகப் பந்தயம் விடுகிறவருக்கு இது பிடிக்காது. ஆடியில் மேற்கே இருந்து காற்று முகத்தில் அறையும்போது, தாழ்ந்த பிடியில் குனிந்துகொண்டாலும் மணிக்கு 18 கிலோமீட்டரைத் தாண்ட முடியவில்லை. உருண்டைக் குழாய்கள் காற்றைக் கிழிப்பதில்லை. 13 மணி 30 நிமிடத்துக்குள் 200 கிலோமீட்டர் முடிக்கிற ஆடாக்ஸ் ஓட்டம்தான் என் இலக்கு. அதற்குச் சராசரி 15 இருந்தால் போதும். அந்த வேகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்க இந்த வண்டியைவிட எனக்குப் பொருந்தியது வேறில்லை.

முள் இதுவரை இரண்டு முறை ஏறியது. ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் சக்கரத்தைச் சுழலவிட்டு, பிரேக் கட்டை பக்கம் பெருவிரலை வைத்துப் பார்த்து, மூன்று நிப்பிளைக் கால் கால் சுற்று திருகி பெண்டு எடுத்துக் கொடுத்தார். கியரை அவர் தொடவில்லை, நான் தொட்டுக்கொள்கிறேன்.

இப்போது ஐப்பசி மழைக்கு முன்னேற்பாடு. வெளியே பெயின்ட் காக்கும். குழாயின் உட்புறம் வெறும் எஃகு. சீட் போஸ்ட் வழியாக இறங்கும் தண்ணீர் பெடல் கூட்டில்தான் தேங்கும், அதனால் கூட்டுக்கு அடியில் ஒரு துளை வைக்கச் சொல்லியிருந்தேன். உள்ளே பூச, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய். அச்சு மையின் வார்னிஷுக்கும் அதுதான் அடிப்படை, எங்கள் கைக்குப் பழகிய வாசனை. நேற்று எல்லாவற்றையும் கழற்றி, எண்ணெயை ஊற்றி, ஃபிரேமை நாலு பக்கமும் புரட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். காய நாலைந்து நாள் ஆகும். பிறகு பேரிங்கை மாட்ட வேண்டும், செயின் பக்கம் இடமரை.