தொடர் எழுதத் துடிக்கும் மலைப் பிள்ளைக்கு எந்தக் கல்லூரி?

ஊட்டியிலோ கோத்தகிரியிலோ பிளஸ் டூ முடித்த ஒரு பெண் சீரியலுக்குக் கதை எழுதப் போகிறேன் என்று சொன்னால், விஷயம் தெரிந்தவர்கள் உடனே கைகாட்டுவது கோயம்புத்தூரில் ஒரு விஸ்காம் வகுப்பை. தவறான வழி என்று சொல்லமாட்டேன். 2022இல் வந்த 'சுழல்' தொடரை எழுதிய புஷ்கர், காயத்ரி இருவருமே சென்னை லயோலாவில் விஸ்காம் படித்தவர்கள்தான். ஆனால் அந்தப் படிப்பில் புகைப்படம், விளம்பரம், எடிட்டிங் எல்லாம் உண்டு. திரைக்கதைக்கு மிஞ்சுவது பெரும்பாலும் ஒன்றிரண்டு தாள். ஸ்டுடியோவைச் சுற்றிக் காட்டும் கல்லூரியிடம், போன வருட மாணவர் எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஆசிரியரின் பேனா பட்ட தடம் அதில் இல்லையென்றால் எழுத்துக்காக அங்கே சேர வேண்டாம்.

தொடரின் டைட்டிலில் கதை, திரைக்கதை, வசனம் என்று தனித்தனிப் பெயர்கள் ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். டிஸ்கஷனில் ஒன்லைன் முடிவாகும், அது சீன்களாகப் பிரியும், வசனம் பல நாள் படப்பிடிப்புக்குச் சற்று முன்புதான் வந்து சேரும். வியாழக்கிழமை டிஆர்பி பார்த்துவிட்டுக் கதையைத் திருப்பச் சொன்னால் திருப்ப வேண்டும். வேகமாக எழுதவும், எழுதியதை மனம் கசக்காமல் கிழித்து மறுபடி எழுதவும் பழகியவருக்கே அங்கே வேலை.

இதற்கென்றே உள்ள அரசு நிறுவனங்கள் சில. 1945இல் தொடங்கி இன்று எம்.ஜி.ஆர். பெயரில் தரமணியில் இயங்கும் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் இயக்கமும் திரைக்கதையும் சேர்ந்த நான்காண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. பிளஸ் டூ போதும், கட்டணம் குறைவு, இடங்களும் குறைவு. புனே, கொல்கத்தா நிறுவனங்களின் எழுத்துப் படிப்புகளுக்குப் பட்டம் வேண்டும். வடிவம் கற்க அவை அருமையான இடங்கள். தமிழ் வசனத்தைத் திருத்தித் தர அங்கே ஆள் கிடைப்பது அரிது.

எனக்கு இந்த விஷயத்தில் வழிகாட்டியாகத் தெரிவது வெற்றிமாறன் கதை. லயோலாவில் ஆங்கில இலக்கியம் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தவர், பாதியில் விட்டு பாலு மகேந்திராவிடம் உதவியாளராகச் சேர்ந்தார். 'மூன்றாம் பிறை'க்காக நம் கேத்திக்கு வந்து படமெடுத்த அதே பாலு மகேந்திரா, அப்போது சிறுகதைகளைத் தொலைக்காட்சிக்காக 'கதை நேரம்' என்று படமாக்கிக்கொண்டிருந்தார். கதைகளைப் படித்துச் சுருக்கம் எழுதித் தருவது வெற்றிமாறனின் வேலை. கதையின் எலும்பு எது, சதை எது என்று பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

அதற்குக் கேமரா தேவையில்லை, நூலகம் போதும். ஆகவே 1955இல் தொடங்கிய ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிப்பதைக் குறைவாக எண்ண வேண்டாம். பெண்களுக்குக் குன்னூர் பிராவிடன்ஸ் கல்லூரி இருக்கிறது. வாரம் ஒரு சிறுகதையை ஒரு பக்கமாகச் சுருக்குங்கள். பிறகு கண்ணெதிரே நடப்பதை சீனாக்குங்கள். மாலையில் தேயிலை நிறுக்கும் இடம். ஈர இலை என்று சொல்லி எடையைக் கழிக்கிறார் கணக்கெழுதுபவர். இலைக்காரம்மா வாய் திறக்கவில்லை. பின்னால் நிற்பவள் கேட்கிறாள்: "இன்னிக்கு மழையே பெய்யலையே, சார்?" இலைக்காரம்மா ஏன் பேசவில்லை? அவரிடம் கடன் பட்டிருக்கிறாளா, மகனுக்கு வேலை கேட்டிருக்கிறாளா? அந்த விடையில் அடுத்த பத்து எபிசோட் கிடக்கிறது.

கணவரின் வேலை நிமித்தம் நீலகிரிக்கு வந்த ராஜம் கிருஷ்ணன் படகர் வாழ்வைக் கூர்ந்து பார்த்து 'குறிஞ்சித்தேன்' எழுதினார். இங்கேயே பிறந்த பிள்ளைக்கு, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பங்களின் கதைகள் பாட்டி வாயிலிருந்தே கிடைக்கும்.

பெருந்தொகை கட்டித் தனியார் அகாதமியில் சேருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தரமணியில் இடம் கிடைத்தால் போகட்டும். கிடைக்காவிட்டால் மலையிலேயே பட்டம் வாங்கி, இருபது சீன்கள் கைவசம் வைத்துக்கொண்டு புனேவுக்கோ கொல்கத்தாவுக்கோ விண்ணப்பிக்கட்டும். மிச்சமாகும் பணம் சென்னையில் உதவி எழுத்தாளராக அலையும் முதல் இரண்டு ஆண்டு வாடகைக்கு ஆகும். அந்த வேலைக்குத் தொடக்கத்தில் கிடைப்பது சொற்பம்.