பூச்சுக்குள் ஒளிந்த செங்கல்

காரைக்காலிலிருந்து கோட்டுச்சேரி, பொறையாறு வழியாகப் போனால் சிறிது நேரத்தில் தரங்கம்பாடி வந்துவிடும். பழைய கட்டடங்கள் மீது ஆசை உள்ளவர்கள் இரண்டு ஊர்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்களிடம். கொடிதான் வேறு, கொத்து வேலை ஒன்றுதான். மலையே இல்லாத வண்டல் பூமி இது. கோயிலுக்கென்றால் எங்கிருந்தோ கருங்கல்லை இழுத்து வந்தார்கள். வீட்டுக்குச் செங்கலே கதி.

இங்கிலாந்தின் பழைய நாட்டுப்புற மாளிகைகள் பலவும் செங்கலால் ஆனவைதான். 1611-இல் கட்டி முடித்த ஹாட்ஃபீல்டு மாளிகையின் படத்தைப் பாருங்கள், செங்கல்தான் அதன் முகம். அந்தச் சிவப்பையும், வரிசை பிசகாத அடுக்கையும் உலகம் பார்க்கட்டும் என்று கட்டியிருக்கிறார்கள். நம் கரையில் மாளிகைச் சுவரில் செங்கல் தெரிந்தால் பூச்சு உதிர்ந்துவிட்டது என்று அர்த்தம். உப்புக்காற்றும் ஐப்பசி, கார்த்திகை மழையும் செங்கலை அரித்துவிடும். அதனால் நம் கொத்தனார் தன் திறமையையெல்லாம் செங்கலுக்கு மேலே காட்டினார். என் மனம் இந்தப் பக்கம்தான் சாய்கிறது.

தரங்கம்பாடிக் கோட்டைக்கு எதிரே நிற்கும் டேனிஷ் ஆளுநர் மாளிகை இதற்கு நல்ல சாட்சி. 1784-இல் ஆளுநர் கோட்டையை விட்டு இங்கே குடிவந்தார். முன்னால் வரிசையாக நிற்கும் பருத்த தூண்களைப் பார்ப்பவர்கள் கல் என்றே நினைப்பார்கள். அத்தனையும் செங்கலை அடுக்கிச் சுண்ணாம்பு பூசி உருட்டியவை. ஐரோப்பியத் தூணின் உருவம், தஞ்சைச் சீமைக் கொத்தனாரின் கை.

அந்தப் பூச்சைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கடற்கரையில் கிடைக்கும் கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைப்பார்கள். கடைசிப் பூச்சுக்கு மாவுபோல் சலித்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேரும். ஈரம் காய்வதற்குள் வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நன்றாக வந்த சுவர் பளிங்குபோல் குளிர்ந்திருக்கும். காலை வெயில் சாய்வாக விழும்போது கண்ணைச் சுவரோடு ஒட்டி வைத்துப் பார்த்தால் கை போன தடம்கூடத் தெரியும். இந்தச் சுவருக்கு மூச்சு உண்டு. உள்ளே ஏறிய ஈரத்தை வெளியே விட்டுவிடும். இதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரமும் உப்பும் உள்ளேயே அடைபட்டுச் செங்கல் பொடிந்து கொட்டும். அழகாக்குகிறோம் என்று நினைத்தே பலர் இதைச் செய்வது எனக்குத் தாங்கவில்லை.

காரைக்கால் தெருக்களில் மிச்சமிருக்கும் பழைய வீடுகளில் நான் முதலில் பார்ப்பது தலைக்கு மேலே. கட்டைக்குத்து ஒட்டு! மெட்ராஸ் டெரஸ் என்றும் சொல்வார்கள். உத்திரத்தின் மேல் தேக்குக் கட்டைகளை நெருக்கி வைத்து, மெல்லிய சிறு செங்கற்களைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக, சுவருக்குச் சாய்கோணத்தில், சுண்ணாம்பு தடவி ஒட்டிக்கொண்டே போவார்கள். முட்டுக் கொடுக்கப் பலகை கிடையாது. செங்கல்லைச் சுண்ணாம்பே பிடித்துக்கொள்ளும். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கட்டை எகிறிக் குதிக்கும் அளவுக்குத் தளம் இறுகிய பிறகுதான் தட்டோடு பதிப்பார்கள்.

இந்த வீடுகளின் அறைகள் ஏன் நீளமாகவும் அகலம் குறைந்தும் இருக்கின்றன என்பதற்கும் விடை மேலேதான் இருக்கிறது. மரம் எட்டிய தூரம்தான் அறையின் அகலம். கூடம் அதற்கு மேல் விரிய வேண்டுமென்றால் நடுவில் தூண் வரும், இல்லையென்றால் வானம் பார்த்த முற்றம் வரும்.