வெள்ளிக்கூடு

கார் இழுத்துப்போகும் டிரெய்லர் வீடுகளை அதிகம் கெடுப்பது மழைத்தண்ணீர். கூரையின் இணைப்பு வழியே கசிந்து, உள்ளே மரச்சட்டத்தை உளுக்க வைத்துவிடும். அமெரிக்காவின் ஏர்ஸ்ட்ரீம் இந்த விஷயத்தில் கொஞ்சம் கெட்டி. வாலி பயாம் 1930களில் தொடங்கிய கம்பெனி. ஒஹாயோவின் ஜாக்சன் சென்டரில் இன்றும் ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயும் நின்று அலுமினியத் தகடுகளுக்கு ரிவெட் அடிக்கிறார்கள். நிலவிலிருந்து 1969இல் திரும்பிய அப்போலோ 11 வீரர்களைத் தனிமைப்படுத்தியதும் மாற்றியமைத்த ஏர்ஸ்ட்ரீமில்தான்.

பழையதை வாங்குகிறவர்கள் பளபளப்பில் மயங்காமல் பின்பக்கத் தரையை மிதித்துப் பார்ப்பார்கள். பிளைவுட் அமுங்கினால் பேரமே வேறு. அமுங்காவிட்டால், அரை நூற்றாண்டு ஓடியதற்கும் ஆள் வரும். வாங்கும்போது கையைக் கடிக்கும், விற்கும்போது கைகொடுக்கும்.