கண்காணி என்னும் பெயர்ப்பு
‘எபிஸ்கொபொஸ்’ என்ற கிரேக்கச் சொல்லின் பொருள் பற்றிய ஓர் ஆய்வு

தோட்டப்புறத்தில் வளர்ந்த தமிழர் ஒருவர் விவிலியத்தின் பழைய தமிழ்ப் பெயர்ப்பைக் கையில் எடுத்து, அப்போஸ்தலர் நடபடிகளின் இருபதாம் அதிகாரத்தைப் படிப்பாராயின் ஓரிடத்தில் சற்றே திகைத்து நிற்பார். எபேசு நகரத்துச் சபை மூப்பரைத் தம்மிடம் வரவழைத்துப் பவுல் விடைபெறும் இடம் அது. மந்தையைக் காக்குமாறு தூய ஆவியால் அமர்த்தப்பட்டவர்கள் என்று அம்மூப்பரைக் குறிக்கத் தமிழ் தரும் சொல் ‘கண்காணி’ என்பது. இருள் பிரியுமுன் பெரட்டுக்கு ஆள் கூட்டியவரும், ஊரிலிருந்து ஆள் கட்டி வந்தவரும், தலைக்கு இவ்வளவு என்று துரையிடம் பணம் பெற்றவருமான கங்காணியன்றோ அவர் நினைவுக்கு வருவார்? இத்தகைய பெயரைத் திருச்சபையின் தலைவருக்கு இட்டது பொருந்துமா என்னும் ஐயம் இயல்பாகவே எழும். பிழையான பெயர்ப்பென்று தள்ளிவிடுவோரும் உளர். அத்தீர்ப்பு அவசரமானது.

மூலச் சொல் ‘எபிஸ்கொபொஸ்’ என்பது. ‘எபி’ என்பது மேல் எனப் பொருள்படும் முன்னொட்டு. ‘ஸ்கொபொஸ்’ என்றால் பார்ப்பவன், காவலன். சொல் பிறந்த இடம் கோயிலன்று. ஹோமரின் இலியத்தில் மாண்ட கணவனை எண்ணிப் புலம்பும் ஆந்திரொமாக்கே, நகரத்தைக் காத்த ‘எபிஸ்கொபொஸ்’ என்று எக்தரைச் சொல்கிறாள். ஒடிசியிலோ, கப்பற் சரக்கின்மீது கண்ணாயிருக்கும் வணிகனுக்கும் இதே பெயர். காவலும் கணக்கும் ஆகிய இரண்டும் தொடக்கத்திலேயே இச்சொல்லில் குடிபுகுந்துவிட்டன.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் இதற்கு அரசியல் நெடியும் ஏறியது. ஏதென்சு நகரம் தன் ஆட்சிக்குட்பட்ட ஊர்களுக்கு அனுப்பிய மேற்பார்வை அலுவலர் எபிஸ்கொபொயி எனப்பட்டனர். அவர்களை அவ்வூரார் எவ்வளவு விரும்பினர் என்பதற்கு அரிஸ்தோபனீசின் ‘பறவைகள்’ நாடகமே சான்று. கி.மு. 414இல் அரங்கேறிய அந்நாடகத்தில், பறவைகள் கட்டிய புது நகரத்துக்குள் வாக்குக் குடங்களுடன் ஓர் எபிஸ்கொபொஸ் நுழைகிறான்; அடிபட்டு ஓடுகிறான். கங்காணி என்றதும் முகஞ்சுளிக்கும் தமிழரைப் போலவே, எபிஸ்கொபொஸ் என்றதும் நகைத்த கிரேக்கரும் இருந்தனர் என்க. கிறித்தவர் கையாண்ட சொல் மாசுபடாத சொல் அன்று.

ஆயினும் அச்சொல் பவுலின் கைக்கு நேரே ஏதென்சிலிருந்து வரவில்லை. எபிரேய மறையைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர் ‘பாகத்’ என்னும் எபிரேய வினைக்கு இதே வேரிலிருந்து பிறந்த வினையை மிகுதியும் வழங்கினர். அவ்வினைக்குப் பொருள் பல: சென்று காணுதல், நலம் உசாவுதல், தண்டித்தல், பணியில் அமர்த்துதல், ஆட்களை எண்ணிக் கணக்கெடுத்தல். எண்ணாகமத்தில் இசுரவேலரைக் குலம் குலமாக எண்ணிய செயலுக்கும் இவ்வினையே வருகிறது. பெரட்டுக் களம் அங்கும் இருந்தது போலும்! எசேக்கியேல் நூலிலோ, சிதறிய ஆடுகளைத் தேடிச் சென்று காணும் மேய்ப்பனின் செயலுக்கு அதே வினை. மத்தேயு நற்செய்தியில் நோயுற்றவனைச் சென்று பார்த்தல், யாக்கோபின் நிருபத்தில் திக்கற்ற பிள்ளைகளையும் கைம்பெண்களையும் விசாரித்தல் ஆகியனவும் இவ்வினையால் சொல்லப்பட்டவையே. ஆகவே, உயரத்தில் நின்று நோக்குதல் மட்டும் இதன் பொருளன்று. இறங்கிச் சென்று பார்த்தலும் அதனுள் அடங்கும்.

புதிய ஏற்பாட்டில் ‘எபிஸ்கொபொஸ்’ என்னும் பெயர் ஐந்தே இடங்களில் வருகிறது. அவற்றுள் ஒன்று, பேதுருவின் முதல் நிருபத்தில், கிறித்துவையே குறிப்பது. அங்கே மேய்ப்பர் என்னும் சொல்லோடு இணைந்து நிற்கிறது. பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் அது பன்மையில் உள்ளது. ஓர் ஊரில் பலர் இருந்தனர் என்பது வெளிப்படை. எபேசு மூப்பரோ, பதினேழாம் வசனத்தில் மூப்பர் எனப்பட்டு, இருபத்தெட்டாம் வசனத்தில் எபிஸ்கொபொயி எனப்படுகின்றனர். தீத்துவுக்கு எழுதிய நிருபத்திலும் இவ்விரு பெயரும் ஒருவரையே சுட்டுகின்றன. மூப்பர் என்பது ஆளின் பெயர், மற்றது அவர் செய்யும் தொழிலின் பெயர் என்று கொள்வதே நேரிது. ஒரு சபைக்கு ஒரே தலைவர், அவர்கீழ் மூப்பர் குழு என்னும் படிநிலை, 2ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்தியோகியா இஞ்ஞாசியாரின் மடல்களில்தான் தெளிவாகத் தோன்றுகிறது. தொடக்கத்தில் இருவரும் ஒருவரே என்பதை 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் செரோம் என்னும் பேரறிஞரே ஒப்புக்கொண்டார். ஆங்கிலத் திருச்சபையில் பின்னர்ப் பேராயரான லைட்ஃபுட், 1868இல் பிலிப்பியர் உரையில் அதனையே விரித்து நிறுவினார். தம் பதவியின் வேரைத் தாமே தோண்டிப் பார்க்கும் துணிவு பாராட்டத்தக்கது.

இனி மொழிபெயர்ப்பைப் பார்ப்போம். இலத்தீன் இச்சொல்லைப் பெயர்க்காமலே ‘எபிஸ்கோபுஸ்’ என எடுத்துக்கொண்டது. அதிலிருந்து ஆங்கிலப் பிஷப்பு வந்தது. அரபு வழியாக மலாய் மொழியின் ‘உஸ்குப்’ வந்தது. ஒலி பயணம் செய்தது. பொருள் கரையிலேயே நின்றுவிட்டது. பிஷப்பு என்னும் ஆங்கிலேயர் காதில் பார்த்தல் என்பதன் சாயலும் விழாது. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பதிப்பு இன்னும் விந்தையானது. பழைய திருச்சபைச் சொற்களை மாற்றலாகாது என்பது பெயர்ப்பாளருக்கு இடப்பட்ட விதி. அதன்படி பிலிப்பியரிலும் தீமோத்தேயுவிலும் தீத்துவிலும் பிஷப்பு என்றே எழுதினர். எபேசு மூப்பரிடத்தில் மட்டும் ‘மேற்பார்ப்போர்’ எனப் பொருள்படும் எளிய ஆங்கிலச் சொல் வந்தது. அவ்விடத்தில் பிஷப்பு என எழுதியிருந்தால் மூப்பரும் பிஷப்பும் ஒருவரே என்பதைப் பள்ளி மாணவனும் கண்டுகொள்வான். இது சூழ்ச்சியோ, முந்திய தின்டேல் பதிப்பைப் பின்பற்றியதோ, எதுவாயினும் ஒரு சொல்லை இரண்டாகப் பிளந்த குற்றம் நிற்கிறது. 1881ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு அதனை நேர்செய்தது.

1871ஆம் ஆண்டில் நிறைவெய்திய பவர் ஐயர் குழுவினரின் தமிழ்ப் பெயர்ப்பு இக்குற்றத்துக்கு ஆளாகவில்லை. எபேசு மூப்பருக்கும், பிலிப்பியில் இருந்தோருக்கும், ஏன், கிறித்துவுக்குமே ‘கண்காணி’ என்ற ஒரே சொல்லை அது வழங்குகிறது. மூலத்தில் ஒன்றாயிருப்பது தமிழிலும் ஒன்றாயிருக்கிறது. அச்சொல்லுக்குத் தோட்டம் தாயகமும் அன்று. மாகேசுவரக் கண்காணி என்னும் தொடரைச் சோழர் கல்வெட்டுகளைப் பயின்ற தமிழாசிரியர் அறிவர். கோயில் கணக்கையும் நிவந்தத்தையும் பார்த்தவர் அவர். எபிஸ்கொபொஸ் போலவே, கண்ணை உள்ளே வைத்துக்கொண்டு பிறந்த சொல் அது. ‘அத்தியட்சர்’ என்பதும் வடமொழியில் கண்ணின் தொடர்புடையதே; ஆனால் தமிழர் காதுக்கு அக்கண் தெரியாது. ‘ஆயர்’ இனிய சொல். எனினும் அது மேய்ப்பனைக் குறிப்பது, மூலத்தில் அதற்கு வேறு சொல் இருக்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ‘சபைக் கண்காணிப்பாளர்’ என நீட்டியது. தோட்டத்து வாடை அதனால் நீங்கியது உண்மை. உடன் அலுவலகத்து வாடை வந்து சேர்ந்ததும் உண்மை.

பழைய பெயர்ப்பிலும் குறை இல்லாமல் இல்லை. லூக்காவில் எருசலேமைப் பார்த்து இயேசு அழுமிடத்தில் வரும் ‘எபிஸ்கொபே’ சந்திப்பு என்றாகிவிட்டது. அப்பொருள் சரியே, எனினும் கண்காணிப்பும் சந்திப்பும் ஒரே வேரின் கிளைகள் என்பதைத் தமிழ் மட்டும் படிப்பவர் அறிய வழியில்லை. பேதுருவின் நிருபத்தில் இன்னுமொன்று உண்டு. கொலைஞன், திருடன் ஆகியோரோடு சேர்த்து விலக்கப்படும் ஒருவனுக்கு அங்கே ‘அல்லொத்ரிஎபிஸ்கொபொஸ்’ என்று பெயர். பிறர் காரியத்துக்குத் தன்னைக் கண்காணியாக்கிக்கொண்டவன் என்பது சொல்லுக்குச் சொல் பொருள். தமிழில் அவன் வெறுமனே பிறர் காரியத்தில் தலையிடுபவனாகிவிட்டான். கண்காணியின் பெயரை வைத்தே கண்காணியை எச்சரிக்கும் அந்தக் குத்து மறைந்துபோயிற்று.