தன்பால் காதல் தொடர்களில் விளிப்புச் சமன்மை

வயதுவந்தோரின் இசைந்த தன்பாலுறவு குற்றமன்று என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2018இல். தில்லியைக் களமாகக் கொண்ட ‘மேட் இன் ஹெவன்’ என்னும் இணையத் தொடர் வந்தது 2019இல். அதன் நாயகன் கரண் 377ஆம் பிரிவின்கீழ்க் கைதாகிறான். இத்தகைய கதைகளின் ஈர்ப்பைத் தடைமீறும் காதலின் சுவை என்று மட்டும் விளக்குதல் போதாது. நம் தொலைக்காட்சித் தொடர்களில் கணவன் ‘நீ’, ‘டி’ என்பான். மனைவி ‘நீங்க’ என்பாள். இந்தியிலும் ‘தும்’, ‘ஆப்’ என இவ்வேற்றத்தாழ்வு பரவலாக உண்டு. ஆண்காதலர் இருவரோ ஒரே சொல்லால் ஒருவரையொருவர் விளிக்க இயலும். பெண் பார்வையாளர்க்கும் இச்சமன்மை இனிப்பதில் வியப்பில்லை.

மொழிபெயர்ப்பாளர் இடறக்கூடிய இடமும் இதுவே. ‘டா’ நட்புக்கும் உரியது. காதல் புலப்படாதோ என்றஞ்சி ஒருவன் வாயில் ‘நீங்க’ என்பதை வைத்தால், மூலத்தில் இல்லாத கணவன்–மனைவி இணையொன்று புகுந்துவிடும். ‘டா’ இருக்கட்டும். தோழமைபோல் ஒலிக்கும் அவ்விளியைத்தான் இக்காதலர் பிறர்முன்னும் அச்சமின்றி வழங்க இயலும்.