கபாலியின் கோட்டும் காவலாளியின் கைலியும்

கோலாலம்பூருக்கு வந்த இரண்டாவது மாதம் ஓர் அரசு அலுவலக வாசலில் என்னை நிறுத்தினார்கள். அன்று விடுப்பு. நல்ல வெயில். பக்கத்தில்தானே என்று அரைக்கால்சட்டையோடு கிளம்பிவிட்டேன். காவலாளிக்கு அறுபது வயதிருக்கும், மலேசியத் தமிழர். என் முட்டியைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். மேசை இழுப்பறையிலிருந்து கட்டம் போட்ட கைலி ஒன்றை எடுத்து நீட்டினார்.

"தம்பி, இப்படியே உள்ள விடமாட்டாங்க லா. இத கட்டிக்கிட்டுப் போய்ட்டு வாங்க."

சட்டைக்கு மேல் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு அங்கேயே நின்று கட்டினேன். அவர் சிரித்துவிட்டார். "ஊர்க்காரரா? கட்டுற கட்டுலயே தெரியுது."

இந்தக் கதையை நான் பல இடங்களில் நகைச்சுவையாகச் சொல்லியிருக்கிறேன். எங்கள் தெருவில் கைலியோடு வங்கிக்குப் போனால் முறைப்பார்கள், இங்கே கைலி கட்டினால்தான் உள்ளேயே விடுகிறார்கள் என்று முடிப்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். இப்போது சொல்வதில்லை. பா. இரஞ்சித்தின் 'கபாலி'யை மூன்றாம் முறை, பிரிக்ஃபீல்ட்ஸ் வாடகை அறையில் உட்கார்ந்து பார்த்தது அதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தக் கைலி. மலாய்க்காரர்கள் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கட்டிக்கொண்டு போகும் கட்டம் போட்ட கைலிக்கு 'காயின் பெலிக்காட்' என்று பெயர். பெலிக்காட் என்பது நம் பழவேற்காடு. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய துணி, புறப்பட்ட துறைமுகத்தின் பெயரை இங்கே நிரந்தரமாக விட்டுவிட்டது. அலுவலக வாசல்களில் மாட்டியிருக்கும் அறிவிப்பில் வரும் சொல் 'சோப்பான்'. பண்பான, அடக்கமான என்று பொருள் கொள்ளலாம். 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு, 1970 ஆகஸ்ட் 31 அன்று மலேசியா அறிவித்த 'ருக்குன் நெகாரா' என்ற தேசியக் கோட்பாட்டின் ஐந்தாவது கூறு 'கெசோப்பானான் டான் கெசுசிலாஆன்', அதாவது நன்னடத்தையும் ஒழுக்கமும். இரண்டாம் சொல்லைக் கொஞ்சம் உரித்தால் உள்ளே நம்மூர் சுசீலா உட்கார்ந்திருப்பாள். இந்த நாட்டின் பண்பாட்டுச் சொற்களும் துணிகளும் நமக்கு அவ்வளவு அந்நியமானவை அல்ல. ஆனால் வேலைக்காக இங்கு வரும் தமிழர்கள் எழுதும் அனுபவக் கட்டுரைகளைப் படித்தால் அப்படித் தோன்றாது. முஸ்லிம் நாடு, ஜாக்கிரதையாக உடுத்து, சத்தம் போடாதே என்று அறிவுரைகள் வரிசையாக வரும். யாருக்கு அந்த ஜாக்கிரதை, யாருக்கு அது தேவையில்லை என்ற கேள்வி வராது.

சட்டப்படி பார்த்தால் ஷரியா சட்டங்கள் முஸ்லிம்களுக்கு மட்டுமே. முஸ்லிம் அல்லாத ஒருவர் கோலாலம்பூர் தெருவில் என்ன உடுத்த வேண்டும் என்று அவை சொல்வதில்லை. மீதி எல்லாம் வழக்கமும் வாசல்களும்தான். வாசல்களில் எனக்குப் பிரச்சினை இல்லை. 1965இல் திறக்கப்பட்ட தேசியப் பள்ளிவாசலில் உடை போதாத பயணிகளுக்கு ஊதா நிற அங்கி தருகிறார்கள். பத்துமலையில் 272 படிகளின் அடிவாரத்தில் முட்டி தெரிய வரும் பெண்களைத் துணி வாடகைக்கு எடுத்துக் கட்டச் சொல்கிறார்கள். அங்கே அல்லா, இங்கே முருகன். கேட்கப்படுவது ஒன்றே: இது எங்கள் வீடு, இந்த நேரத்துக்கு மட்டும் இப்படி வா. லண்டன்காரருக்கும் லால்குடிக்காரருக்கும் அதே துணி. வெளியே வந்ததும் கழற்றிக் கொடுத்துவிடலாம். இதில் யாருடைய மானமும் போவதில்லை.

சிக்கல், வாசல் நீண்டு தெருவுக்கு வரும்போது தொடங்குகிறது. சேவை பெற வந்த குடிமக்களிடம் அரசு அலுவலகக் காவலர்கள் கைலியும் துண்டும் நீட்டிய செய்திகள் 2015இல் அடுத்தடுத்து வந்தன. பெரும்பாலும் பெண்கள். 2023 தொடக்கத்தில் காஜாங்கில் விபத்தைப் பற்றிப் புகார் கொடுக்கப் போன ஒரு பெண்ணை, அரைக்கால்சட்டை அணிந்திருந்தார் என்று காவல் நிலையத்துக்குள் விடவில்லை. பள்ளிவாசல் கேட்பதையே காவல் நிலையமும் கேட்கலாமா? பள்ளிவாசலுக்கு நான் விருந்தாளி. விபத்தில் சிக்கிக் காவல் நிலையத்துக்கு வருகிறவர் விருந்தாளி அல்ல. இதே நகரத்தில் பங்சாரிலும் மோன்ட் கியாராவிலும் அரைக்கால்சட்டையோடு காலை நடை போகும் வெளிநாட்டு மேலாளரை யாரும் நிறுத்துவதில்லை. நிறுத்தவும் வேண்டாம். ஆனால் அடக்கம் என்பது முழங்காலைப் பார்த்து மட்டும் கேட்கப்படுவதில்லை, முகத்தையும் பார்த்துத்தான் என்பது அங்கே புரியும்.

வெளிநாட்டார் என்ற சொல்லுக்குள்ளேயே இங்கே இரண்டு சாதி. நான் வைத்திருப்பது எம்ப்ளாய்மென்ட் பாஸ். அதனால் நான் 'எக்ஸ்பாட்', மலாயில் 'பெகாவாய் டாகாங்'. என் அறைக்குக் கீழே உணவகத்தில் ரொட்டி சானாய் வீசும் சிவகங்கைக்காரர் வைத்திருப்பது தற்காலிக வேலை அனுமதி. அவர் 'பெக்கெர்ஜா ஆசிங்', அயல் தொழிலாளி. இரண்டு பேரும் ஒரே விமான நிலையத்திலிருந்து ஒரே மாதிரி ஊறுகாய்ப் பாட்டிலோடு வந்தவர்கள்தான்.

இந்த இடத்தில்தான் 'கபாலி' எனக்கு வேறு படமாகத் தெரிந்தது. 2016இல் அது வந்தபோது ரஜினி படமா, இரஞ்சித் படமா என்றுதான் சண்டை போட்டோம். மலேசியாவில் வசித்துக்கொண்டு பார்த்தால் அது உடையைப் பற்றிய படம். இருபத்தைந்து ஆண்டு சிறைக்குப் பிறகு கபாலீஸ்வரன் முதலில் மீட்டுக்கொள்வது தன் கோட்டை. காந்தி சட்டையைத் துறந்ததும் அம்பேத்கர் கோட் அணிந்ததும் அரசியல் என்று படமே வாய்விட்டுச் சொல்கிறது. ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவன் முழு சூட்டில், கால் மேல் கால் போட்டு உட்காருகிறான். அதைப் பொறுக்க முடியாதவர்களில் தமிழர்களும் இருக்கிறார்கள் என்று காட்டியது இரஞ்சித்தின் துணிச்சல். அடங்கு என்பதற்கு 'அடக்கமாக உடுத்து' என்று இன்னொரு பெயர் உண்டு என்பதை வணிக சினிமாவில் இவ்வளவு நேரடியாக அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

இந்தக் கோட்டுக்குப் பின்னால் கிள்ளான் இருக்கிறது. 1941இன் முதல் மாதங்களில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னின்றவர் ஆர்.எச். நாதன், 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றியவர். கோரிக்கைகளில் சீனருக்குச் சமமான கூலி, கள்ளுக்கடை மூடல், பிள்ளைகளுக்குப் பள்ளி, பெண் தொழிலாளர்கள் மீதான அத்துமீறலுக்கு முடிவு எல்லாம் இருந்தன. அவற்றோடு ஒன்று: துரைமாருக்கும் ஆசிய அலுவலர்களுக்கும் எதிரே சைக்கிளிலிருந்து இறங்காமல் போகும் உரிமை. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டு, பிறகு நாடு கடத்தப்பட்டார். ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

கூலி உயர்வுக்குச் சமமாக, சைக்கிள் சீட்டில் உட்கார்ந்திருக்கும் உரிமையை எழுதி வைத்திருக்கிறார்கள். இன்று முஸ்லிம் நாட்டில் வெளிநாட்டார் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். சுல்தான் ஆளும் சிலாங்கூரில், வெளியிலிருந்து வந்த துரைதான் அன்று மற்றவர்களுக்கு நடத்தை விதி போட்டான். இன்னொன்றையும் கவனியுங்கள். கோரிக்கையில் துரை மட்டும் இல்லை. ஆசிய அலுவலர்கள், அதாவது கிராணிமாரும் இருக்கிறார்கள். நம் நிறத்தில், பல நேரம் நம் மொழி பேசிக்கொண்டு, நம்மைச் சைக்கிளை விட்டு இறங்கச் சொன்னவர்கள்.

துரை கப்பலேறிய பிறகும் அந்த விதி கப்பலேறவில்லை. 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் மன்றத்தில், வேட்டி கட்டி வந்ததற்காக உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டில், வேட்டிக்கு, சட்டம்!

இப்போது அந்த இன்னொரு காரணம்.

சிவகங்கைக்காரருக்கு இரவு பன்னிரண்டுக்கு மேல்தான் வேலை முடியும். எங்கள் கட்டடத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து, கைலியை முட்டிக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, ஊருக்கு வீடியோ அழைப்பு போடுவார். மகள் பாடம் ஒப்பிப்பாள். ஸ்பீக்கரில் அது மூன்று மாடிக்குக் கேட்கும். பக்கத்து வீட்டார் யாரோ முணுமுணுத்தார்கள். ஒருநாள் நான் இறங்கிப் போனேன்.

"அண்ணே, இது முஸ்லிம் நாடு. பொம்பளப் புள்ளைங்க போய் வர்ற எடம். கொஞ்சம் டீசன்டா இருங்கண்ணே."

அவர் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தார். எழுந்து நின்றார். மடித்துக் கட்டியிருந்த கைலியை அவிழ்த்துக் கணுக்கால்வரை இறக்கிவிட்டார். "சரிங்க சார்" என்றார். அதுவரை என்னைத் 'தம்பி' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கிராமத்தில் பிறந்தவர்களுக்கு அந்த அசைவு தெரியும். பெரிய வீட்டுக்காரர் எதிரே வந்தால் மடித்துக் கட்டிய வேட்டி தானாகக் கீழே இறங்கும். என் தாத்தா அப்படி இறக்கியதை நான் பார்த்திருக்கிறேன். அன்று மாடிப்படியில் எனக்கு உள்ளூர ஒரு திருப்திகூட இருந்தது. சொன்னால் கேட்கிறார், நல்ல மனுஷன். பல மாதம் கழித்து 1941 கோரிக்கைப் பட்டியலைப் படித்தபோதுதான் உறைத்தது. அவர் சைக்கிளிலிருந்து இறங்கியிருக்கிறார். நான்தான் கிராணி. 'முஸ்லிம் நாடு' என்று நான் சொன்னது பொய்ச் சாட்சி. அந்த மாடிப்படியில் எந்த முஸ்லிமும் அவரைப் பற்றிப் புகார் சொல்லவில்லை. எக்ஸ்பாட் என்ற என் சட்டையில் அவருடைய கைலி பட்டுவிடுமோ என்ற பயத்துக்கு ஒரு மதத்தையும் ஒரு நாட்டையும் துணைக்கு அழைத்திருக்கிறேன். சத்தம் பிரச்சினை என்றால் ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

'கபாலி' என்னை நெருங்காத இடமும் இதுதான். கோட் என்பது ஒருவன் ஏறிச் சேரும் உயரம். கைலியிலேயே இருப்பவனுக்கு அந்தப் படத்தில் என்ன கிடைக்கிறது? அவன் கூட்டத்தில் நிற்கிறான், கையெடுத்துக் கும்பிடுகிறான். கோட்டைப் போடும் உரிமையைப் பேசிய படம், கைலியை மடித்துக் கட்டியபடியே ஒருவன் மதிக்கப்படுவதைப் பேசவில்லை. மலாய்க்காரர்களும் அதில் ஏறக்குறைய இல்லை. தமிழனும் சீனனும் மோதிக்கொள்ளும் ஒரு காலி மைதானமாகக் கோலாலம்பூர் இருக்கிறது. யாருடைய வீட்டில் நின்று கோட் போடுகிறோம் என்ற கேள்வியைப் படம் தவிர்த்துவிட்டது. கேள்வி வேறு வழியில் வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டில் திறந்த முடிவோடு விட்ட படம், மலேசியத் திரையரங்குகளில் கபாலி காவல்துறையிடம் சரணடைந்தான் என்ற வாசகத்தோடு முடிந்தது. கோட் போட்ட படத்துக்கே வாசலில் ஒரு கைலி கட்டிவிட்டார்கள்.

அப்படியென்றால் எல்லா விதியையும் மீறு என்கிறேனா? இல்லை. 2023 ஜூலையில் சிப்பாங்கில் நடந்த குட் வைப்ஸ் இசை விழாவில் இங்கிலாந்துப் பாடகர் மேட்டி ஹீலி, தன்பாலின உறவுக்கு எதிரான மலேசியச் சட்டத்தை மேடையிலேயே திட்டிவிட்டு, சக இசைக்கலைஞரை முத்தமிட்டார். மூன்று நாள் விழா முதல் நாளோடு ரத்தானது. சட்டத்தைப் பற்றி அவர் சொன்னது நியாயமாகவே இருக்கட்டும். மறுநாள் பாட இருந்த உள்ளூர்க் கலைஞர்களும் கடை போட்டவர்களும் நட்டத்தோடு நின்றார்கள். இதனால் தங்கள் நிலைமை இன்னும் கடினமாகும் என்று அஞ்சியவர்களில் இங்குள்ள தன்பாலினத்தவர்களும் இருந்தார்கள். திரும்பிப் போக விமானம் இருக்கிறவனின் கலகத்துக்கு, போக இடமில்லாதவர்கள் விலை கொடுத்தார்கள். அதுவும் ஒருவகைத் துரைத்தனம்தான்.

எனவே உடை, நடத்தை பற்றிய எந்தப் புத்தகத்தையும் படத்தையும் இனி நான் இரண்டு கேள்விகளோடுதான் படிப்பேன். இந்த விதி சொல்கிறவனையும் கட்டுப்படுத்துகிறதா? வெளியே வந்ததும் கழற்றிக் கொடுத்துவிட முடியுமா? அந்தக் காவலாளியின் கைலி இரண்டையும் தாண்டியது. அவரும் சீருடையில்தான் நின்றார். திரும்பி வந்து நான் மடித்துக் கொடுத்ததை இழுப்பறையில் வைத்தார், "டீ குடிச்சாச்சா தம்பி?" என்றார். மாடிப்படியில் நான் இறக்கவைத்த கைலி தாண்டவில்லை.

சிவகங்கைக்காரர் இப்போது கிள்ளானில், தெங்கு கெலானா சாலைப் பக்கம் வேறு கடையில் இருக்கிறார். போன மாதம் ஹெட்போனோடு போனேன். கல்லாவில் இருந்தவரிடம் கேட்டு, பின்கட்டுக்குப் போனேன். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். கை இடுப்புக்குப் போனது.

"அண்ணே, விடுங்கண்ணே. அப்படியே இருங்க" என்றேன்.

கை அங்கேயே நின்றது. இறக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. "உக்காருங்க சார்" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.