கொடுக்க வந்தோரும் கொள்ள வந்தோரும்
ஜப்பானிய–இந்தியக் கலைத் தொடர்பு குறித்து ஒரு மதிப்பீடு

சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரையில் ஒல்லாந்தர் கட்டிய செங்கற் கோட்டையினுள் அவர்தம் கல்லறைகள் உள்ளன. அங்கே துயில்வோரின் பெயர்கள் கல்லில் நுணுக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால், அவர்களை இக்கரைக்கு ஈர்த்த துணியை நெய்த கைகளின் பெயரை அங்குள்ள எந்தக் கல்லும் சொல்வதில்லை.

சோழமண்டலக் கரைத் துணிகள் ஒல்லாந்தர் கப்பல்களில் நாகசாகித் துறைமுகம் வரை சென்றன. அவற்றுள் கோடிட்ட பருத்தித் துணியை ஜப்பானியர் 'சாந்தோமே' என்று அழைத்தனர். நம் சாந்தோமின் பெயரே அது. பெயர் சென்றது, துணியும் சென்றது, ஆயினும் நெய்தவரும் அணிந்தவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. இதனை வாணிபம் எனலாம். கலைப் பரிமாற்றம் எனல் தகாது. பரிமாற்றத்தில் ஆள் ஆளைச் சந்திக்க வேண்டும். இருவரும் மாற வேண்டும். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்தில், ஆவிக்குரிய வரத்தைக் கொடுக்க விரும்புவதாகத் தொடங்கும் பவுல், உடனே தம் சொல்லைத் திருத்தி, தாமும் அவர்களால் ஆறுதல் பெற வேண்டும் என்கிறார். அத்திருத்தமே நமக்கு அளவுகோல்.

இவ்வளவுகோலால் நம் காலத்துக் கலைத் தொடர்பை நோக்குவோம். 1902இல் ஒக்காகுரா என்னும் ஜப்பானிய அறிஞர் கல்கத்தா வந்து தாகூர் குடும்பத்தாருடன் பழகினார். மறு ஆண்டில் தைக்கான், ஷுன்சோ என்னும் இரு ஓவியர்களும் அங்கு வந்தனர். வண்ணத்தை நீரில் மீண்டும் மீண்டும் கழுவி மென்மையாக்கும் முறையை அபனீந்திரநாத் தாகூர் இத்தொடர்பினால் வளர்த்துக்கொண்டார். விருந்தினரும் இந்தியப் பொருள்களைத் தீட்டினர். இங்கே மெய்யான சந்திப்பு நிகழ்ந்தது. எனினும், அம்முறை பலரிடம் வெறும் பனிமூட்டமாகத் தேய்ந்தது. ஆசியா முழுவதும் ஒன்றே என்ற ஒக்காகுராவின் கனவும் பிற்காலத்தில் ஜப்பானியப் பேரரசின் படையெடுப்புகளுக்குத் திரையாகப் பயன்பட்டது. ஒற்றுமை பேசும் நாவெல்லாம் சமத்துவம் பேசுவதில்லை என்பதைத் திருச்சபை மறக்கலாகாது.

அபனீந்திரநாதரின் மாணவர் தேவிபிரசாத் ராய் சௌதுரி 1957 வரை சென்னைக் கலைப் பள்ளியின் தலைமையில் இருந்தார். அவரை அடுத்து அப்பொறுப்பை ஏற்ற கே. சி. எஸ். பணிக்கர் 1966இல் மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார். அவர் ஆசிரியரின் வழியை அப்படியே பின்பற்றவில்லை. சாதகக் கட்டங்களையும் எழுத்துருக்களையும் தம் திரையில் புதிய மொழியாக்கினார். அக்கிராமத்துச் சிற்பி பி. வி. ஜானகிராம், கோயில் கவசம் செய்வோரின் தகட்டு வேலையைக் கற்று, அம்முறையிலேயே கிறிஸ்துவையும் வடித்தார். பெற்ற பாடத்தைப் பாதுகாப்பது மட்டும் பரிமாற்றமன்று. அது நம் மண்ணை நோக்க நம்மைத் திருப்புமாயின் அதுவே அதன் கனி.

கிறிஸ்தவ ஓவியருள் ஃபிராங்க் வெஸ்லி (1923–2002) தனித்துக் குறிப்பிடத்தக்கவர். காந்தியடிகளின் சாம்பற் கலசத்தை வடிவமைத்த இவர், லக்னோவில் பயின்றபின் 1950களில் கியோத்தோ சென்று கற்றார். கழுவிய வண்ணங்களின் அமைதி இவர் படங்களில் ஜெபமாகவே கனிகிறது. ஆயினும், அந்த மென்மை சில வேளைகளில் சிலுவையின் கரடுமுரடை மூடிவிடுகிறது என்று கூறாதிருக்க இயலவில்லை.

இவ்விடத்தில் ஒரு நேர்மையான தடை எழுகிறது. 'கோயிற் கலையை ஆலயத்துக்குள் கொணர்க என்கிறீர். எங்கள் முன்னோர் அக்கோயில் வாசலிலேயே தடுக்கப்பட்டவர் அல்லரோ?' என்று நம் சபையின் பெரும்பகுதியினர் கேட்கலாம். இக்கேள்விக்கு விடை கூறாத பண்பாட்டு இறையியல், பழைய மேட்டிமையை நறுமணம் பூசி மீட்பதாகவே முடியும்.

விடைக்கு ஒரு வழியை ஜப்பானே காட்டுகிறது. யானகி சோயெட்சு தொடங்கிய நாட்டுக் கைவினை இயக்கம், பெயரறியாக் கைவினைஞர் அன்றாடப் பயனுக்குச் செய்த பொருள்களிலேயே மேலான அழகைக் கண்டது. அவ்வியக்கத்தில் வளர்ந்த சதாவோ வத்தனாபே (1913–1996), துணிக்குச் சாயமிடுவோரின் அச்சுவெட்டு முறையைக் கற்று, திருமறைக் காட்சிகளை முசுக்கட்டை நாரினாலான தாளில் பதித்தார். சாயம் பற்றலாகாத இடத்தை அவர்கள் அரிசிப் பசையால் காத்தனர். நம் கரையின் சாயக்காரரோ மெழுகால் காத்தனர். கருவி வேறு, அறிவு ஒன்று. அவர் தீட்டிய திருவிருந்தில் சீடர் ஜப்பானிய உடையில் அமர்ந்திருக்க, நடுவே மீன் இருக்கிறது. அங்கே மூட்டமில்லை, கோடு திண்ணியது, முகங்கள் உழைப்பாளர் முகங்கள்.

கியோத்தோவின் தோஷிஷா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மசாவோ தகேனகா, ஆசியக் கிறிஸ்தவக் கலையை 1975இல் ஒரு நூலாகத் தொகுத்தார். 1978இல் ஆசியக் கிறிஸ்தவக் கலைச் சங்கமும் உருவாயிற்று. அச்சிட்ட ஏட்டில் படங்கள் அருகருகே நிற்பது நன்று. ஆனால், கைகள் அருகருகே அமரும்போதுதான் பவுல் கூறிய ஆறுதல் இருபுறமும் பாயும்.

ஆகவே, ஜப்பானிலிருந்து நாம் முன்பு பெற்றது மூட்டம். இன்னும் பெறாதது சாயக்காரரின் மதிப்பு. ஆசரிப்புக் கூடாரத்துக்குப் பெசலெயேலைப் பேர்சொல்லி அழைத்த தேவன், கைத்தொழிலையும் தம் ஆவியின் வரமாக எண்ணினார். நம் சபைகளிலும் தறியில் அமர்வோரும் பனையோலை முடைவோரும் பறை கட்டுவோரும் உளர். ஆலயத்துக்குப் படம் வேண்டும் என்று அயல்நாட்டு அச்சுப்படத்தைத் தேடுமுன், ஆயர் இவர்களைப் பேர்சொல்லி அழைப்பாராக. சதுரங்கப்பட்டினத்துக் கற்கள் எழுதாது விட்ட பெயர்களை எழுதும் கடமை நம்முடையது.